இரண்டு சக்கரத்தில் வந்த சுதந்திரம்

மாலை ஆறு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் மறைமலை நகர் பஸ் ஸ்டாப்பில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவது ஆளாக ஏறுபவர் முகத்தையும், அதே சிக்னலில் பைக்கில் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்பவர் முகத்தையும் பாருங்கள். இரண்டு பேருமே தாம்பரம்தான் போகிறார்கள். இரண்டு பேர் மேலும் அதே தூசிதான், அதே லாரிப் புகைதான். ஆனால் பைக்காரர் முகத்தில் மட்டும் ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கும். "நான் நினைத்தால் இப்போதே யூ டர்ன் போட்டு செங்கல்பட்டு போவேன்" என்கிற மாதிரி ஒரு முகம்!

அவர் போகமாட்டார். வீட்டில் பால் வாங்கி வரச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் போகலாம் என்பது அவருக்குத் தெரியும். அந்த "போகலாம்" என்பதைத்தான் எல்லோரும் சுதந்திரம் என்கிறார்கள்.

மோட்டார் சைக்கிள் என்றால் ஏன் சுதந்திரம் என்ற நினைப்பு வருகிறது? காற்று முகத்தில் அடிப்பதாலா? அப்படியென்றால் மின்சார ரயிலில் வாசல் ஓரம் நிற்பவருக்கும் அது கிடைக்கிறதே! விஷயம் காற்றில் மட்டும் இல்லை. அதற்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது. அதில் பாதி நம்ம சென்னையைச் சுற்றியே நடந்தது என்பதுதான் ஆச்சரியம்.

மணி பார்த்து வாழ்ந்த காலம்

சென்னையின் தென்புறத்தை உருவாக்கியது ரயில். 1931-ல் பீச் - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் மாம்பலமும் பல்லாவரமும் தாம்பரமும் வேலைக்குப் போய் வரும் ஊர்களாக மாறின. ரயில் மலிவு, வேகம், எல்லாம் சரி. ஆனால் ரயிலுக்கு ஒரு குணம் உண்டு. அது வரும் நேரத்துக்கு நீங்கள் போக வேண்டும். நீங்கள் வரும் நேரத்துக்கு அது வராது. அது நிற்கும் இடத்தில் இறங்க வேண்டும், மீதியை நடக்க வேண்டும். கடைசி வண்டியை விட்டால் பெஞ்சில் தூங்க வேண்டியதுதான்.

பஸ்ஸும் அப்படித்தான். ஒரு மனிதனின் நாள் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை டைம் டேபிள் போட்டவர் தீர்மானித்தார். சொந்த வண்டி என்பது முதலில் இந்த இடத்தில்தான் விடுதலை தந்தது. வேகம் எல்லாம் அப்புறம். "என் நேரம் என் கையில்" என்பதுதான் முதல் விஷயம்.

உலகத்தின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, ஜெர்மனியில் டெய்ம்லரும் மேபாக்கும் 1885-ல் செய்த மர வண்டி. வேகம் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்தான். சைக்கிளே அதை ஓவர்டேக் செய்திருக்கும்! ஆனால் அதற்குக் குதிரையும் வேண்டாம், தண்டவாளமும் வேண்டாம். அதுதான் முக்கியம்.

திருவொற்றியூரில் பிறந்த புல்லட்

இப்போது சென்னைக்கு வருவோம். ராயல் என்ஃபீல்டு என்பது இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்ற ஊரில் இருந்த கம்பெனி. 1950-களின் தொடக்கத்தில் எல்லையில் ரோந்து போக இந்திய ராணுவத்துக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. புல்லட் 350-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிட்ச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் இங்கிலாந்தில் இருந்து உதிரி பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். 1960-களில் எல்லாமே இங்கேயே செய்யும் நிலை வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. ஆனால் திருவொற்றியூரில் புல்லட் நிற்கவே இல்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆனது. கற்றுக் கொடுத்தவர் கடையை மூடிவிட்டார், கற்றுக்கொண்டவர் அவருக்கே விற்கிறார்!

அந்த நாட்களில் புல்லட் சுதந்திரத்தின் சின்னமாக இருந்ததா? இல்லை. அது அதிகாரத்தின் சின்னம். போலீஸ், ராணுவம், பண்ணையார், ஊர்ப் பெரிய மனிதர்... இவர்கள் ஓட்டிய வண்டி அது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்று மற்ற வண்டிகளுக்குத் தலைகீழாக இருந்தது. கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்வதற்கே தனி பழக்கம் வேண்டும். தெரியாமல் உதைத்தால் அது திருப்பி உதைக்கும். தெருவில் "டப் டப்" சத்தம் கேட்டால் சாதாரண ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். இதை மறந்துவிட வேண்டாம். பின்னால் இந்த விஷயத்துக்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

பத்து வருடக் காத்திருப்பு

சாதாரண குடும்பத்துக்கு வண்டி கிடைப்பது அவ்வளவு சுலபம் இல்லை. லைசென்ஸ் ராஜ் காலத்தில் ஒரு கம்பெனி வருடத்துக்கு எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசுதான் முடிவு செய்தது. அதிகமாகச் செய்தால் குற்றம்! விளைவு, பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் பத்து வருடம் வரைகூடக் காத்திருந்தார்கள். மகள் பிறந்தபோது புக் செய்த ஸ்கூட்டர், அவள் ஐந்தாம் வகுப்பு போகும்போது வந்து சேரும்!

டிமாண்ட் இருக்கிறது, வாங்கப் பணம் இருக்கிறது, செய்ய ஆள் இருக்கிறது, ஆனால் பொருள் இல்லை. எகனாமிக்ஸ் வகுப்பில் சப்ளை கட்டுப்பாடு என்று இரண்டு கோடு போட்டுச் சொல்லிக் கொடுப்பார்கள். அதன் அர்த்தம் ஒரு குடும்பம் பத்து வருடம் பஸ் ஸ்டாப்பில் நிற்பது.

இந்தப் பூட்டை உடைத்ததில் இரண்டு திறவுகோல்கள் முக்கியம்.

முதலாவது நம்ம ஓசூர். 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். பைக் ரசிகர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் தமிழ்நாட்டின் சமூக வரலாற்றை எழுதுபவர் டிவிஎஸ் 50-ஐ விட்டுவிட்டு எழுத முடியாது. பால்காரர், மீன்காரர், கீரை விற்பவர், பள்ளிக்கூட வாத்தியார், எல்.ஐ.சி. ஏஜென்ட், இவர்கள் எல்லோரையும் சைக்கிளில் இருந்து இறக்கிய வண்டி அது. முன்னால் இரண்டு மூட்டை, பின்னால் மனைவி, நடுவில் குழந்தை என்று அது சுமந்ததைப் பார்த்தால் அதை வடிவமைத்தவர்களே பயந்திருப்பார்கள். அதன் வாரிசான எக்ஸ்எல் வண்டியை இன்றும் கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் காலை ஐந்து மணிக்குப் பார்க்கலாம்.

இரண்டாவது ஜப்பான். 1980-களில் அரசு கதவைக் கொஞ்சம் திறந்தது. 1984-ல் இந்த் சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருடம் யமஹா ஆர்எக்ஸ் 100. மூன்றும் 100 சிசி. மூன்றும் மூன்று விதமான ஆட்களுக்கு. சிடி 100 மைலேஜ் கணக்குப் பார்ப்பவருக்கு. ஆர்எக்ஸ் 100 கணக்கே பார்க்காதவருக்கு! 1996-ல் அது நின்றுபோனது. ஆனால் நல்ல கண்டிஷனில் ஒரு ஆர்எக்ஸ் 100 இருந்தால் இன்றும் விலை பேச வரிசையில் நிற்கிறார்கள். பொதுவாக வண்டியின் மதிப்பு வருடத்துக்கு வருடம் தேயும் என்பதுதான் அக்கவுண்டன்சி பாடம். ஆர்எக்ஸ் 100 அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

இந்தியாவில் பதிவான வாகனங்களில் நான்கில் மூன்று பங்கு இரு சக்கர வாகனங்கள்தான் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கார் செய்த வேலையை இங்கே செய்தது பைக்.

அமெரிக்காக்காரன் ஓட்டிய சுதந்திரம் வேறு

சினிமாவில் வரும் "பைக் = சுதந்திரம்" என்ற சமன்பாடு பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் பலர் பைக் கிளப்களில் சேர்ந்தார்கள். 1947 ஜூலையில் கலிபோர்னியாவில் ஹாலிஸ்டர் என்ற சின்ன ஊரில் பைக் ஓட்டிகள் கூடிக் கலாட்டா செய்தது நாடு முழுக்கச் செய்தியானது. அந்தச் சூட்டில் 1953-ல் மார்லன் பிராண்டோ நடித்த 'தி வைல்ட் ஒன்' வந்தது. 1969-ல் 'ஈஸி ரைடர்' வந்தது.

அந்தக் கதைகளில் எல்லாம் வீட்டில் கார் இருக்கும். வேலை இருக்கும். அதை எல்லாம் உதறிவிட்டு ஓடுவதற்குத்தான் பைக். அதாவது குடும்பத்தில் இருந்து விடுதலை.

நம்ம ஊரில் கதை நேர் எதிர். 2007-ல் வந்த 'பொல்லாதவன்' படத்தை நினைத்துப் பாருங்கள். வேலை இல்லாத பையன், அப்பா கொடுத்த பணத்தில் பல்சர் வாங்குகிறான். அதுவரை தண்டச்சோறு என்று திட்டு வாங்கியவனுக்கு அந்த வண்டியால்தான் ஒரு மரியாதையே வருகிறது. வண்டி திருடு போனதும் எல்லாம் ஆட்டம் காண்கிறது. இங்கே பைக் குடும்பத்தைவிட்டு ஓடுவதற்கு இல்லை. குடும்பத்துக்குள் ஒரு ஆளாக நிற்பதற்கு.

இன்னொரு பயணமும் உண்டு. 1952-ல் சே குவேராவும் அவர் நண்பர் ஆல்பர்ட்டோ கிரனாடோவும் நார்ட்டன் 500 வண்டியில் தென் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார்கள். வண்டி சிலி நாட்டிலேயே படுத்துவிட்டது! மீதிப் பயணம் நடந்தும் லாரியில் தொற்றியும்தான். சுரங்கத் தொழிலாளிகளையும் தொழுநோயாளிகளையும் அவர் பார்த்தது எல்லாம் வண்டி போன பிறகுதான். பைக் கொண்டுபோய் விட்ட இடத்தைவிட, பைக் கைவிட்ட பிறகு போன இடங்கள்தான் அவரை மாற்றின.

பெண்கள் பெடல் மிதித்தபோது

தமிழ்நாட்டில் இரண்டு சக்கரத்துக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள தொடர்பை நேரடியாகப் பார்க்க வேண்டும் என்றால் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்துப் பாடத்தோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். கிராமத்துப் பெண்கள், விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளிகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் புதுக்கோட்டையில் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதைத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

ஆரம்பத்தில் கேலியும் கிண்டலும் நிறைய வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண் கையெழுத்துப் போட்டால் யாரும் தெருவில் நின்று கேலி செய்யவில்லை. ஆனால் சைக்கிள் ஓட்டினால் செய்தார்கள். ஏன்? கையெழுத்து வீட்டுக்குள் போடுவது. சைக்கிள் தெருவில் ஓடுவது! பெண் ஒருத்தி யாரையும் கேட்காமல் பக்கத்து ஊருக்குப் போய்வர முடியும் என்றால் பல பேருக்கு அது பிடிக்கவில்லை. அண்ணனோ புருஷனோ வந்து கொண்டுபோய் விடும்வரை காத்திருந்த தண்ணீர்க் குடமும், விற்க வேண்டிய காய்கறியும் இனி காத்திருக்க வேண்டியதில்லை.

சைக்கிளுக்கு அடுத்த படி கியர் இல்லாத ஸ்கூட்டர். 1984-ல் கைனடிக் ஹோண்டா, 1990-களில் டிவிஎஸ் ஸ்கூட்டி. சேலையிலும் சுடிதாரிலும் ஓட்டலாம், கிக்கர் உதைக்க வேண்டாம், பட்டனை அழுத்தினால் போதும். 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. இந்த இரண்டையும் வைத்து அரசியல் சண்டை நிறைய நடந்தது. ஆனால் இரண்டும் ஒப்புக்கொள்ளும் விஷயம் ஒன்றுதான்: போய்வர முடியாத பெண்ணால் சம்பாதிக்கவும் முடியாது.

யார் தெருவில் யார் ஓட்டலாம்?

இப்போது அந்தப் புல்லட் விஷயத்துக்குத் திரும்புவோம்.

தமிழ்நாட்டின் பல கிராமங்களில் தலித்துகள் மேல்சாதித் தெரு வழியாகச் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. இது பழைய சோழர் காலத்துக் கதை இல்லை. சுதந்திரம் வாங்கிப் பல பத்தாண்டுகள் கழித்தும் பதிவான விஷயம்.

சைக்கிள் போய் பைக் வந்ததும் அது மறைந்துவிட்டதா? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டிவந்த தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள். தங்கள் பிள்ளை புல்லட் ஓட்டியதைப் பொறுக்க முடியாமல்தான் சாதிவெறியில் வெட்டினார்கள் என்று குடும்பத்தினர் குற்றம் சாட்டினார்கள். மூன்று பேர் கைதானார்கள்.

கல்லூரிப் பையன் ஒருவனுக்குப் பைக் ஓட்டுவது சுதந்திரமாகத் தெரிகிறது என்றால், பெரும்பாலும் அவன் எந்தத் தெருவிலும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை என்று அர்த்தம். அந்த மாணவருக்கும் அதே பெட்ரோல்தான், அதே ரோடு வரிதான். கிடைக்காதது ஒன்றுதான். "டப் டப்" சத்தம் கேட்டால் ஒதுங்கி நின்ற கூட்டத்தில் இருந்து ஒருவன் அதே வண்டியில் ஏறி உட்கார்ந்தால், முன்பு அதில் உட்கார்ந்தவர்களுக்குக் கோபம் வருகிறது. மோட்டார் சைக்கிள் வெறும் போக்குவரத்துச் சாதனம் என்றால் இந்தக் கோபம் எதற்கு?

உடம்பு சொல்வது

வரலாறு எல்லாம் சரி, ஓட்டும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கார் வளைவில் திரும்பும்போது உங்களை வெளிப்பக்கம் தள்ளும். பைக்கில் நீங்களும் வண்டியோடு சேர்ந்து சாய்கிறீர்கள். சாய்வதால்தான் வண்டி திரும்புகிறது. கண், காது, கை, கால், இடுப்பு எல்லாம் ஒரே வேலையில் இருக்கும். செல்போன் பார்க்க முடியாது (பார்க்கவும் கூடாது!). நாளைக்கு இருக்கும் அரியர் பரீட்சையைப் பற்றிக் கவலைப்பட மூளையில் இடம் இருக்காது.

கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 20 நிமிடம் பைக் ஓட்டிய பிறகு மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் அளவீடுகள் 28 சதவீதம் குறைந்திருந்தன. இதய துடிப்பு 11 சதவீதம் கூடியிருந்தது. அதாவது லேசான உடற்பயிற்சி மாதிரி. ஆனால் ஒரு விஷயம்: இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது ஹார்லி டேவிட்சன் கம்பெனி! பால் நல்லது என்று பால் கம்பெனி சொல்வது மாதிரி கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் படிக்க வேண்டும். அந்தச் சோதனை பெருங்களத்தூர் டிராஃபிக்கில் நடக்கவில்லை என்பதையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

பில் யார் கட்டுவது?

எந்தக் கணக்கிலும் இரண்டு பக்கம் உண்டு. வரவு பார்த்தாயிற்று, பற்றும் பார்க்க வேண்டும்.

முதல் பற்று, தவணை. இன்று பெரும்பாலான வண்டிகள் கடனில்தான் ஷோரூமைவிட்டு வெளியே வருகின்றன. கடைசித் தவணை கட்டும்வரை ஆர்சி புத்தகத்தில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரும் இருக்கும். பைக்கில் பின்சீட் காலியாகத் தெரிந்தாலும் அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்!

இரண்டாவது பற்று, நேரம். உணவு டெலிவரி செய்யும் இளைஞர்களைப் பாருங்கள். அதே பைக், அதே ஜி.எஸ்.டி. ரோடு. ஆனால் எங்கே போக வேண்டும், எத்தனை நிமிடத்தில் போக வேண்டும் என்று கையில் இருக்கும் ஆப் சொல்கிறது. பஸ் டைம் டேபிளில் இருந்து தப்பிக்கத்தான் வண்டி வாங்கினோம். இப்போது வண்டிக்கே டைம் டேபிள் வந்துவிட்டது.

மூன்றாவது பற்று, உயிர். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் சுமார் 75 ஆயிரம் பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று கண்டிப்பு காட்டினார்கள். அப்போது "என் தலை, என் இஷ்டம்" என்று கோபப்பட்டவர்கள் உண்டு. சுதந்திரம் என்றால் அதுதானா?

மறைமலை நகரில் முடிப்போம்

தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயரைக் கொண்ட ஊர் இது. மோட்டார் சைக்கிளுக்கு விசையுந்து என்று அழகான தமிழ்ப்பெயர் இருக்கிறது. ஆனால் இங்கே யாரும் விசையுந்து என்றும் சொல்வதில்லை, மோட்டார் சைக்கிள் என்றும் சொல்வதில்லை. "வண்டி" என்பார்கள். மாட்டு வண்டிக்கு இருந்த அதே பெயர்.

இந்த ஊரில் ஃபோர்டு கார் தொழிற்சாலை இருந்தது. 2022-ல் உற்பத்தி நின்றது. பக்கத்தில் சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பினால் ஒரகடம். திருவொற்றியூர் புல்லட் 2013-ல் அங்கே புதிய தொழிற்சாலைக்கு வந்தது. 2000-ஆம் வருடத்தில் மூடிவிடலாமா என்று யோசிக்கப்பட்ட அந்தக் கம்பெனி, 2024-25 நிதியாண்டில் முதல் தடவையாக 10 லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்றது. பத்து வருடம் காத்திருந்த தாத்தாவின் பேரன் ஷோரூமில் கலர் பிடிக்கவில்லை என்கிறான்.

ஆக, பைக்கில் போகும்போது வரும் அந்த உணர்வு எஞ்சினுக்குள் மட்டும் இல்லை. டைம் டேபிளுக்குக் காத்திருந்தவர்கள், லைசென்ஸ் ராஜ் வரிசையில் நின்றவர்கள், புதுக்கோட்டையில் கேலியைத் தாண்டிப் பெடல் மிதித்தவர்கள், தெருவில் இறங்கித் தள்ளவைக்கப்பட்டவர்கள், இவர்கள் எல்லோருக்கும் மறுக்கப்பட்ட ஒன்று திடீரென்று கிடைத்ததால்தான் அது இவ்வளவு இனிக்கிறது. இன்னும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் கசப்பு.

அடுத்த தடவை ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது ஒரு நிமிடம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஹெல்மெட் பெல்ட்டை மாட்டுங்கள். கண்ணாடியில் மாட்டித் தொங்கவிட்டால் அது கண்ணாடியின் தலையைத்தான் காப்பாற்றும்!